யாருடைய விரல்கள்?

ஒரு பியானோ சிடி வாங்குகிறீர்கள். தனி ஆள், தனி பியானோ. எழுபது நிமிஷத்தில் ஒரு ஸ்வரம்கூடப் பிசகவில்லை. அசந்துபோய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்போது ஒரு நண்பர் வந்து, 'ஒரே மூச்சில் வாசிச்சதுன்னு நினைச்சீங்களா? பல தடவை வாசிச்சு, நல்ல இடமாப் பொறுக்கி ஒட்டினது சார்' என்கிறார். உங்கள் வியப்பு சட்டென்று பாதியாகக் குறைகிறதா? ஏமாந்த மாதிரி இருக்கிறதா?

பதிலைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டு வரலாம்.

லியோபோல்ட் கோடோவ்ஸ்கி. 1870-ல், இன்றைய லித்துவேனியாவில், வில்னியஸ் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டவர். ஷோப்பன் எழுதிய 'எட்யூட்' என்னும் பயிற்சித் துண்டுகளே விரலை ஒடிக்கும் ரகம். அது போதாதென்று கோடோவ்ஸ்கி அவற்றை அடிப்படையாக வைத்து 53 புதுத் துண்டுகள் எழுதினார். அதில் 22 இடது கைக்கு மட்டும். ஒன்றில், ஷோப்பனின் இரண்டு எட்யூட்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டிருக்கிறார். இரண்டு கதாகாலட்சேபத்தை ஒரே வாயால் சொல்வது போல!

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒலிப்பதிவு என்றால் மட்டும் உதறல். காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் மெழுகுத் தட்டில் நேரடியாகப் பதிவு செய்வார்கள். ஒரு பக்கத்துக்குச் சுமார் நாலரை நிமிஷம். நாலாவது நிமிஷத்தில் ஒரு விரல் வழுக்கினாலும் அவ்வளவுதான், முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. தப்பு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே வாசித்தார். வீட்டில் நண்பர்கள் மத்தியில் அவர் வாசித்ததைக் கேட்டவர்கள், இசைத்தட்டில் இருப்பது அவருடைய நிழல்தான் என்றார்கள்.

1930 ஜூன் மாதம், லண்டனில் ஷோப்பனைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் பாதிக்கப்பட்டது. அதற்கப்புறம் 1938-ல் சாகும்வரை அவர் மேடையேறவே இல்லை.

இப்போது சொல்லுங்கள். வெட்டு, ஒட்டு எதுவும் இல்லாத அந்தத் தட்டுகள் 'உண்மையானவை'தானே? ஆனால் அவற்றில் பதிவானதில் பாதி கோடோவ்ஸ்கி, பாதி அவருடைய பயம். சத்தியமான பதிவு ஒன்று ஆளைப் பற்றிப் பொய் சொல்ல முடியும் என்பது விசித்திரம்தான். ஆனால் நடந்திருக்கிறது.

பிறகு காந்த நாடா வந்தது. கத்தரிக்கோலும் வந்தது. கனடாவின் க்ளென் கூல்ட் 1964-ல், முப்பத்தோரு வயதில், கச்சேரியே வேண்டாமென்று ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார். பாக்கின் ஒரு ஃபியூக்கைப் பல தடவை வாசித்து, அதில் இரண்டு வாசிப்புகளை மாற்றி மாற்றி ஒட்டி ஒன்றாக்கியதை 1966-ல் அவரே கட்டுரையாக எழுதினார். ஒளிக்கவில்லை. எழுதுகிறவன் அடித்துத் திருத்துவதில்லையா? இந்தப் பத்தியையே நான் மூன்று தடவை மாற்றினேன். அதற்காக நீங்கள் என்மேல் வழக்குப் போடப்போவதில்லை.

கோடோவ்ஸ்கியின் அந்த 53 துண்டுகளுக்கு வருவோம். மான்ட்ரியாலில் ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். மருந்து தொழில், பியானோ பைத்தியம். கோடோவ்ஸ்கி மாதிரி ஆட்களின் இசையை மகனுக்கு அறிமுகம் செய்துவைத்தார். 1961-ல் பிறந்த அந்த மகன் மார்க் ஆந்த்ரே ஆம்லன், கோடோவ்ஸ்கி மாதிரியே தானும் இசை எழுதுகிற பியானோக்காரர். 53 துண்டுகளையும் மொத்தமாகப் பதிவு செய்து 2000-த்தில் இரண்டு சிடிகளாக வெளியிட்டார். கோடோவ்ஸ்கி மூன்று எட்யூட்களை ஒன்றாகப் பின்னினதாகவும், அது அச்சில் வரவில்லை என்றும் ஒரு பேச்சு உண்டு. ஆம்லன் என்ன செய்தார் தெரியுமா? அப்படி ஒன்றைத் தானே எழுதிவிட்டார்! அது 2010-ல் அவருடைய சொந்த எட்யூட்களின் ஆல்பத்தில் வந்தது.

ஆம்லனுக்குக் கோடோவ்ஸ்கி பட்ட அவஸ்தை இல்லை. ஸ்டூடியோவில் தப்பினால் திரும்ப வாசிக்கலாம். அது இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வது. ஆனால் அதே துண்டுகளை மேடையிலும் வாசித்துக் காட்டுகிறவர் அவர். பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது.

இங்கிலாந்தில் ஜாய்ஸ் ஹாட்டோ என்று ஒரு பியானோக்காரி. 1976-க்கு அப்புறம் மேடையேறாதவர். புற்றுநோய். திடீரென்று கடைசி வருஷங்களில் அவர் பெயரில் சிடியாக வந்து குவிந்தன, நூற்றுக்கும் மேலே. லிஸ்ட், ஷோப்பன், ராக்மனினாஃப், கோடோவ்ஸ்கி என்று கஷ்டமானது ஒன்று பாக்கியில்லை. வெளியிட்டவர் அவர் கணவர். நோயோடு போராடும் வயதான அம்மாள் இப்படி வாசிப்பதா என்று விமர்சகர்கள் உருகினார்கள். 2006 ஜூனில், 77 வயதில் ஹாட்டோ இறந்தார்.

2007-ன் தொடக்கத்தில் ஒருவர் அவருடைய லிஸ்ட் சிடியைக் கம்ப்யூட்டரில் போட்டார். ஐட்யூன்ஸ், பாட்டுகளின் நீளத்தைக் கணக்குப் பார்த்து ஆளைச் சொல்லும். அது திரையில் வேறு ஒருவர் பெயரைக் காட்டியது: லாஸ்லோ சிமோன். ஒலி அலைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவருடைய வாசிப்பேதான். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கோடோவ்ஸ்கி சிடியில் ஆம்லனின் விரல்களும் இருந்தன.

கணவர் கடைசியில் ஒப்புக்கொண்டார். வாசிக்கும்போது மனைவி வலியில் முனகுவது பதிவாகிவிட்டதாம். அந்தச் சில விநாடிகளை மறைக்க மற்றவர்கள் வாசித்ததிலிருந்து துண்டு எடுத்து ஒட்ட ஆரம்பித்தாராம். ஒட்டு நீண்டுகொண்டே போனதாம். மனைவிக்கு எதுவும் தெரியாது என்றார்.

இந்தக் கணவரைத் திட்ட எனக்கு வாய் வருகிறது, மனசு கொஞ்சம் தயங்குகிறது. அவர் சொன்னதை நம்பினால், ஆரம்பம் பிரியம்தான். வலியின் சத்தத்தை உலகம் கேட்க வேண்டாமே என்ற பிரியம். நாமும் இப்படித்தானே ஆரம்பிக்கிறோம்? பிள்ளையின் புராஜெக்ட்டில் ஒரு படம் மட்டும் வரைந்து கொடுக்கிறோம். மாணவனின் கட்டுரையில் ஒரு பத்தி மட்டும் சேர்க்கிறோம். இன்றைக்கு அதற்கு மெஷினே வந்துவிட்டது.

அப்படியானால் கோடு எங்கே? கத்தரிக்கோலில் இல்லை. கூல்டும் ஒட்டினார், ஹாட்டோவின் கணவரும் ஒட்டினார். நான் வைத்துக்கொண்டிருக்கும் சோதனை ஒன்றே ஒன்று. செய்ததை வெளியே சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகும் ஏதாவது மிஞ்சுகிறதா?

'இது ஒட்டிச் செய்தது' என்று கூல்டே சொன்னார். இசை அப்படியே நிற்கிறது. ஹாட்டோவின் சிடிகளைப் பற்றி உண்மையைச் சொன்னதும் உறைமேல் இருந்த பெயர் உதிர்ந்துவிட்டது. சொன்னாலும் நிற்பது திருத்தம். சொன்னால் உதிர்வது திருட்டு. முதலில் கேட்ட கேள்விக்கும் இதுதான் என் பதில். ஒட்டியவை வாசித்தவரின் விரல்களே என்றால், தாராளமாக வியந்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம். ஹாட்டோ ஒன்றும் போலி இல்லை. மேடையில் வாசித்தவர். 1970-ல் ஆர்னல்ட் பாக்ஸின் படைப்பொன்றை ஆர்கெஸ்ட்ராவோடு பதிவு செய்தவர். இன்று அவர் பெயரைச் சொன்னால் மோசடிதான் ஞாபகம் வருகிறது. கடைசிக் காலத்தில், வலியோடு, தப்பும் தவறுமாக அவர் நிஜமாகவே வாசித்தது எவ்வளவு, எப்படி என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. கணவர் அழித்தது அந்த முனகலை மட்டும் அல்ல.

அடுத்த முறை உங்களுக்குப் பிரியமானவருக்காக எதையாவது ஒட்டப் போகும்போது, கொஞ்சம் நின்று, அந்த முனகலை ஒரு தடவை கேட்டுவிடுங்கள். அதுவாவது அவருடையது.