அப்பர் என விளிக்கும் அறம்



மலமறைப்பிற் கிடந்த உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் பெருங்கருணையாற் கூட்டிய கருவியே இவ்வுடம்பு என்பது சித்தாந்தம். கருவி தேய்ந்தமை பற்றி அதனையுடைய உயிரை இகழ்வார், சித்தாந்தத்தை ஓதியும் உணராதாரே ஆவர்.

நம் தமிழ்நாட்டில் முதியோர் தொகை பெருகி வருகின்றது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அறுபதாண்டு நிரம்பினோர் பத்தில் ஒருவர். 2036-இல் ஏறத்தாழ ஐவரில் ஒருவராவர் என்பது அரசினர் அமைத்த வல்லுநர் குழுவின் மதிப்பீடு. பிறப்புக் குறைந்தமையும் வாழ்நாள் நீண்டமையுமே இதற்குக் காரணம். பிள்ளைகளோ பலர் பிழைப்பின்பொருட்டுத் தொலைவில் வாழ்கின்றனர்.

பெற்றோரைப் புரத்தல் மக்கள் கடன் என 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வற்புறுத்துகின்றது. மகவில்லாத முதியோரை, அவர்தம் சொத்துக்கு உரியராகும் சுற்றத்தார் காத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றது. நன்று. மகவும் சொத்தும் ஒருங்கே இல்லாதார்க்குச் சுற்றத்தார் யாவர்?

இதற்கு விடை நம் அடியார் வரலாற்றிலேயே உளது. ஆளுடைய பிள்ளையார் சிறு பருவத்தினர். திருநாவுக்கரசர் ஆண்டால் மூத்தவர், குலத்தால் வேறானவர். அவரைச் சீகாழியிற் கண்டபொழுது பிள்ளையார் அப்பரே என விளித்தருளினார். குருதித் தொடர்பின்றி அன்பினாற் பிறந்த அப்பெயராலேயே உலகம் அவரை இன்றும் வழங்குகின்றது. இதனைக் கேட்டு உருகும் நாம், நம் தெருவில் தனித்திருக்கும் முதியவரை அப்பா என்று ஒருமுறையேனும் அழைத்தோமா?

பிறரைக் குறைகூற யாம் இதனை எழுதினேமல்லேம். உழவாரத் திருக்கூட்டத்தாரோடு பன்முறை சென்று திருக்கோயிற் பிரகாரத்துப் புல்லைச் செதுக்கினேம்; மதிலையடுத்த சிறு வீட்டிற் படுத்த படுக்கையாய்க் கிடந்த மூதாட்டியாரை ஒருநாளும் வினவினேமல்லேம். அவர் சிவபதம் அடைந்த பின்னரே அங்கொருவர் இருந்தமையை அறிந்தேம்.

2002 முதல் நம் திருக்கோயில்கள் பலவற்றில் அன்னதானத் திட்டம் நடைபெறுகின்றது. நடந்து வருவார்க்கு அது பயன்படும். நடக்கலாற்றார்க்கு அவ்வன்னத்தைக் கொண்டு செல்வார் வேண்டும். ஆதலின் ஒவ்வோர் உழவாரக் கூட்டத்தாரும் தத்தம் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் தனித்துறையும் முதியோரை அறிந்து குறித்துக்கொள்க. பிரசாதமும் மருந்தும் கொணர்ந்து கொடுக்க. மருத்துவமனைக்கு உடன் செல்க. சிறிதுபோது அருகிருந்து அவர் கூறுவதைச் செவிமடுக்க.

நடமாடுங் கோயிலாகிய அடியார்க்கு ஈந்தது இறைவனைச் சென்றடையும் என்பது திருமூலர் அருளிய நெறி. நடமாட்டம் ஒழிந்தபின்னரும் அக்கோயில் கோயிலேயாம்; அதன் விளக்கை அவியவிடாது காத்தல் நம் கடன்.

திருச்சிற்றம்பலம்.