கருவூலமும் கண்ணோட்டமும்

தமிழ்ப்பள்ளியில் கற்பனைக் கட்டுரை எழுதாதவர் நம்மில் யார்? ‘எனக்குச் சிறகு முளைத்தால்’, ‘நான் ஒரு செல்வனானால்’ என்றெல்லாம் கரும்பலகையில் தலைப்பு எழுதப்பெறும்போது, பென்சிலைக் கடித்தபடி கூரையைப் பார்த்த பழக்கம் ஆசிரியர்க்கும் உண்டு; மாணவர்க்கும் உண்டு. ‘ஆல்’ என்னும் அந்தச் சிறு விகுதி தரும் உரிமை அளவற்றது. அத்தகைய தலைப்புகளோடு சேர்த்து எண்ணத்தக்க வினா ஒன்று ஒளிப்படக் கலையில் ஈடுபாடு கொண்டோரிடையே நெடுநாளாக உலவி வருகிறது. பணம் ஒரு தடையே அன்று என்னும் நிலை வாய்த்தால், எங்கே சென்று எதைப் படம் பிடிப்பாய்?

விடைகள் பெரும்பாலும் ஒரே திசையில் செல்கின்றன. தென்முனைக் கடலின் பனிப்பாறைகள், செரங்கெட்டிப் புல்வெளியில் இலட்சக்கணக்கில் இடம்பெயரும் விலங்குக் கூட்டங்கள், ஐசுலாந்து நாட்டு வானில் ஆடும் துருவ ஒளி, இமயத்துப் பனிச்சிறுத்தை. இவற்றை விரும்புவதில் குற்றம் ஏதுமில்லை. அழகைத் தேடிச் செல்ல ஆசைப்படுகிறவனை அறநூலைக் கையில் எடுத்து அடிக்கப் புகுவது வறட்டுத்தனம். ஆயினும், அவ்வினாவின் உள்ளே ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது. எனக்கும் நான் காண விரும்பும் பொருளுக்கும் இடையே நிற்பது பணம் ஒன்றே என்பது அது. பனிப்பாறையைப் பொறுத்தவரை அஃது ஏறத்தாழ உண்மை. பாறை நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. படப்பெட்டியின் முன் ஒரு மனிதர் நிற்கும்போதுதான் சிக்கல் பிறக்கிறது. பயணச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவனுக்கு, பார்க்கும் உரிமையும் அதனோடு சேர்ந்து கிடைத்துவிடுகிறதா?

இதனைக் கற்பனையில் மட்டும் வைத்து ஆராய வேண்டுவதில்லை. செலவைப் பற்றிக் கவலைப்படாமல் உலகையே படம் பிடிக்கத் துணிந்த ஒருவர் உண்மையிலேயே வாழ்ந்தார். ஆல்பர்ட் கான் என்பது அவர் பெயர். 1860ஆம் ஆண்டில் பிரான்சின் அல்சாசுப் பகுதியில் பிறந்தவர். பாரிசு நகர வங்கி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் செய்த முதலீட்டால் பெருஞ்செல்வரானவர். 1908ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்டபோது, தம் காரோட்டிக்கு ஒளிப்படம் எடுக்கப் பயிற்சி அளித்து உடன் அழைத்துச் சென்றார். மறைந்துகொண்டிருக்கும் மக்கள் வாழ்க்கை முறைகளை, அவை முற்றும் மறையுமுன், வண்ணத்தில் பதிந்து வைக்க வேண்டும் என்பது அவர் கொண்ட திட்டம். ‘உலகத்தின் ஆவணங்கள்’ என்னும் பொருள்பட அதற்குப் பெயரும் சூட்டினார். 1912 முதல் புவியியல் அறிஞர் ழான் புரூன் அப்பணியை நெறிப்படுத்தினார். 1909 முதல் 1931 வரை ஏறத்தாழ ஐம்பது நாடுகளுக்கு ஆட்கள் அனுப்பப்பட்டனர். 72,000 வண்ணக் கண்ணாடித் தட்டுகளும், விரித்து வைத்தால் 180 கிலோமீட்டர் நீளும் திரைப்படச் சுருளும் சேர்ந்தன. மக்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டால் போர் ஒழியும் என்று கான் நம்பினார். 1914இல் மூண்ட பெரும்போர் அந்நம்பிக்கையைப் பொருட்படுத்தவில்லை. அமைதிக்கென அனுப்பப்பட்ட படப்பெட்டிகளே இடிந்த ஊர்களையும் பதுங்குகுழிகளையும் படம் பிடிக்க நேர்ந்தது.

அந்தத் தட்டுகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதைச் சற்றே விரித்துச் சொல்ல வேண்டும். நம் வினாவுக்கு அதில் ஒரு திறவுகோல் இருக்கிறது. லூமியேர் உடன்பிறப்பினர் கண்டுபிடித்து 1907இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் என்னும் முறை அது. உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளுக்கு மூன்று வண்ணச் சாயம் ஏற்றி, அவற்றைக் கண்ணாடியின்மேல் ஒரே படலமாகப் பரப்பி, அதன்மேல் ஒளியுணர் பூச்சைப் பூசுவார்கள். நல்ல வெயிலிலும் ஒரு நொடி, சில வேளைகளில் அதற்கும் மேலாக, எதிரில் நிற்பவர் அசையாது நிற்க வேண்டும். ஆகவே, அப்படங்களில் நம்மை நோக்கி நிற்பவர்கள் அறியாமல் அகப்பட்டவர்கள் அல்லர். நிற்க இசைந்தவர்கள், அல்லது நிற்குமாறு பணிக்கப்பட்டவர்கள். இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கண்ணாடித் தட்டு காட்டுவதில்லை. மற்றொன்றும் உண்டு. ஒரு தட்டு என்பது ஒரே ஒரு படம். பிற்காலப் படச்சுருளிலிருந்து போல, வேண்டிய அளவு படிகள் எடுத்துக் கொடுக்க அதில் வழியில்லை. மூச்சை அடக்கி நின்ற உழவனுக்கோ நெசவுப் பெண்ணுக்கோ அந்தப் படம் திரும்பிப் போகவில்லை. பாரிசின் புறநகரில் கானின் மாளிகைக்கு அழைக்கப்பட்ட விருந்தினர் திரையில் அதைக் கண்டனர். எவ்வளவு பெரிய கருவூலமாயினும், அந்நாளில் அந்த ஒருவழிப் பாதையை இருவழிப் பாதையாக்க முடியவில்லை.

1913ஆம் ஆண்டில் மங்கோலியாவுக்குச் சென்ற ஸ்தெஃபான் பாசே எடுத்த படம் ஒன்று உண்டு. மரப்பெட்டி ஒன்றினுள் ஒரு பெண் அடைக்கப்பட்டிருக்கிறாள். பெட்டியின் பக்கத்திலுள்ள துளை வழியே தலையும் கையும் வெளியே நீண்டிருக்கின்றன. தரையில் கிண்ணங்கள் கிடக்கின்றன. அவள் செய்த குற்றம் யாது, பின்னர் அவள் என்ன ஆனாள் என்பன பற்றிப் பிற்காலத்தார் பல கதைகளைச் சேர்த்துவிட்டனர். படம் அவற்றுள் எதையும் சொல்லவில்லை. அவள் பெயரும் நம்மிடம் வந்து சேரவில்லை. படம் எடுத்தது தவறு என்று நான் கூற மாட்டேன். எடுக்காதிருந்தால் அக்கொடுமை காற்றோடு போயிருக்கும். ஆனால் நீட்டிய கை எதைக் கேட்டது? சோற்றையா, நீரையா, விடுதலையையா? ‘என் படம் எடுத்துக்கொள்’ என்று அக்கை கேட்டிராது என்பது மட்டும் உறுதி.

இவ்வளவுக்கும் காரணரான கானைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள்: தம்மைப் படம் எடுப்பதை அவர் விரும்பியதில்லை, அவருடைய படங்கள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. உலகத்தார் முகங்களை எல்லாம் திரட்டியவர் தம் முகத்தை மட்டும் தர மறுத்தார். இதனை எள்ளலாகச் சொல்லவில்லை. மறுக்கும் உரிமை எத்துணை அருமையானது என்பது அவர்க்குத் தெரிந்திருந்தது. அவ்வுரிமை எல்லார்க்கும் ஒரே அளவில் வாய்க்கவில்லை. 1929இல் பங்குச் சந்தை சரிந்தபோது அவர் செல்வமும் சரிந்தது. 1936இல் அவருடைய மாளிகையையும் தோட்டங்களையும் அரசு நிருவாகம் வாங்கிக்கொண்டு, அவரை அங்கேயே வாழவிட்டது. செருமானியப் படை பாரிசைக் கைப்பற்றியிருந்த 1940ஆம் ஆண்டு நவம்பரில் அவர் இறந்தார்.

அதே கருவூலத்தின் பணத்தில் வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தனர். கான் இளம் ஆசிரியர்களுக்கு உலகப் பயண உதவித்தொகை வழங்கியவர். ஆசிரியப் பெருமக்கள் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது. அவருக்காக மார்கரித் மெசுபுலே, மதலேன் மிஞோன் என்னும் பெண்மணிகள் இருவர் 1913இல் அயர்லாந்துக்குச் சென்றனர். கால்வே நகரை ஒட்டிய கிளாடா என்னும் மீனவர் குடியிருப்பில், சிவப்புச் சால்வை போர்த்த ஓர் இளம்பெண்ணை அவர்கள் எடுத்த படம் இன்று உலகறிந்தது. தட்டுகளோடு அவர்கள் விரிவான குறிப்புகளையும் கொண்டுவந்தனர். கிளாடாவின் கூரை வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டன. இன்று அங்குள்ளோர் தம் பாட்டியர் உடுத்திய ஆடையின் நிறத்தை அப்படத்தில்தான் காண்கின்றனர்.

அமெரிக்காவில் எட்வர்டு கர்ட்டிசு என்பவரும் இத்தகைய கனவு கண்டார். அவரிடம் பணமில்லை, 1906இல் பெருவணிகர் சே. பி. மோர்கனிடம் சென்றார். ஐந்தாண்டுகளுக்கு 75,000 டாலர் தருவதாக மோர்கன் இசைந்தார். அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றி இருபது தொகுதிகள் வெளிவர வேண்டும் என்பது ஏற்பாடு. ஐந்தாண்டு என்றது 1930 வரை நீண்டது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தும் கர்ட்டிசு வறியவராகவே முடிந்தார். அவர் உழைப்பை எவரும் குறை கூற முடியாது. ஆனால், பீகன் குடியினரின் கூடாரத்துக்குள் எடுத்த படம் ஒன்றில், அமர்ந்திருக்கும் இருவரிடையே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சிட்டபோது அதனைச் சுரண்டி நீக்கிவிட்டார். அவர் கனவில் பழங்குடியினர்க்குக் கடிகாரம் கிடையாது. கூடாரத்தில் வாழ்ந்தவர்க்கோ அது தேவைப்பட்டது. விலை கொடுத்து வாங்கியுமிருப்பர். கனவு காண்பவனின் பணம், காணப்படுபவனின் மேசையிலிருந்து ஒரு பொருளை எடுத்துவிட்டது. கடிகாரம் இல்லாத படம் அழகாகத்தான் இருக்கிறது!

‘கண்ணோட்டம்’ என்னும் சொல்லை நாம் இன்று ‘பார்வைக் கோணம்’ என்னும் பொருளில் வழங்குகிறோம். வள்ளுவர் அதே பெயரில் ஓர் அதிகாரம் வைத்தபோது அச்சொல்லின் பொருள் வேறு. பிறர்மேல் செல்லும் கண்ணில் ஊறும் இரக்கம் அது. பொருட்பாலில், ஆள்வோர்க்குரிய இயல்புகளிடையே, அவர் அதனை வைத்தது கருதத்தக்கது. கையில் ஆற்றல் உள்ளவனுக்கே அது கடமையாகிறது. ஒளிப்படக் கலையில் ஆற்றல் என்பது பணமாக இருந்த காலமும் போய்விட்டது. கான் ஒரு செல்வத்தையே கொட்டி வாங்கிய வண்ணம், இன்று படிவம் ஐந்து மாணவனின் சட்டைப்பையில் கைப்பேசியாக இருக்கிறது. ஒரு படத்துக்கு ஒரு காசும் செலவில்லை. ஆகவே, பணம் தடையில்லை என்றால் எதை எடுப்பாய் என்னும் வினாவுக்கு நாம் நாள்தோறும் விடை எழுதிக்கொண்டிருக்கிறோம். நெடுஞ்சாலையில் விபத்து நேர்ந்தால் கைகொடுக்க ஓடுவோரைவிடக் கைப்பேசியை உயர்த்துவோர் மிகுந்திருப்பதைக் காண்கிறோம். இறந்தவர் முகம் உறவினர்க்குச் செய்தி எட்டுமுன் ஊருக்கு எட்டிவிடுகிறது. வறுமை அன்று கட்டிப்போட்டிருந்த சிலவற்றை வசதி இன்று அவிழ்த்துவிட்டது.

நம் மண்ணுக்கு வருவோம். மலாயாத் தமிழரின் பழைய படங்கள் பெரும்பாலும் பிறர் பணத்தில் எடுக்கப்பட்டவை. 1867இல் சிங்கப்பூரில் கடை திறந்த செருமானியர் லாம்பர்ட்டின் நிறுவனம், இன்ன இனத்தவர், இன்ன தொழிலாளர் என்று வகை பிரித்துப் படங்களை விற்றது. தோட்டத்துரைமார் எடுத்த படங்களில் மரமும் வாளியும் தெளிவாக இருக்கும். ஆள் அளவுகோலாக நிற்பார். நம்மவர் தாமே விரும்பி நின்ற படம் பெரும்பாலும் திருமணப் படம்தான். 1942இலும் 1943இலும் 415 கிலோமீட்டர் நீளச் சயாம் மரண இரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களை எண்ணிப் பாருங்கள். ஆத்திரேலியப் போர்க்கைதியான சார்ச்சு ஆசுப்பினால் மறைத்து வைத்திருந்த சிறு படப்பெட்டியால் தம் தோழர்களின் எலும்புக் கூடுகளை உலகுக்குக் காட்டினார். நம்மவரிடம் அப்படி ஒரு பெட்டி இருந்ததில்லை. இன்று எத்தனை கோடி வெள்ளி இருந்தாலும் 1943க்குப் பயணச் சீட்டு வாங்க முடியுமா?

இந்த ஒரு காரணத்தால், வரம்பற்ற கருவூலம் என் கைக்கு வந்தால் பனிப்பாறையைப் பிறகு பார்த்துக்கொள்வேன். புத்ராசெயா நகரம் எழுந்த இடத்தில் பெராங் பெசார் முதலிய தோட்டங்கள் இருந்தன. அங்கே பால்மரம் சீவியவர்கள் டிங்கிலுக்கு அருகிலுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். இதுபோல் நாடெங்கும் தோட்டம் விட்டு வந்தவர்கள், பெரட்டுக்களத்தையும் ஆயாக் கொட்டகையையும் மனத்தில் சுமந்தபடி ஐந்தாம் மாடியில் முதுமை அடைகின்றனர். அவர்களைத் தேடிச் செல்ல விமானச் சீட்டு வேண்டாம். பணத்தை வேறு எதற்குச் செலவிடுவேன் எனில், காலத்துக்கு. ஓர் ஆண்டு படப்பெட்டி இல்லாமல் போய்வர வேண்டும். திண்ணை இல்லாத வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எங்கே நிற்பது, எந்தச் சேலை உடுத்துவது, எதைக் கையில் பிடிப்பது என்பனவெல்லாம் நிற்பவர் முடிவு. தொலைக்காட்சிப் பெட்டியின் அருகில்தான் நிற்பேன் என்றால் அப்படியே. கடிகாரத்தைச் சுரண்ட மாட்டோம். முதல் படி அவருக்கு. அவர் விரும்பினால் இரண்டாம் படி ஆவணக் காப்பகத்துக்கு. பின்புறம் அவர் பெயர், பெற்றோர் பெயர், அவர் சீவிய நிரை. வேண்டாம் என்பவரிடம் தேநீர் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

அங்கே ஒரு மூதாட்டி, “என்னைய எதுக்குத் தம்பி எடுக்கிறே? நான் வெட்டின மரத்தைப் போய் எடு” என்று சொல்லக்கூடும். அந்த மரம் நின்ற இடத்தில் இன்று அரசு அலுவலகங்களும் அகன்ற சாலையும் இருக்கின்றன. அவர் கேட்ட படத்தை எப்படி எடுப்பது என்று நானும் எண்ணிப் பார்க்கிறேன். அவரை அழைத்துச் சென்று சாலையோரத்தில் நிறுத்தி, மரம் எங்கே இருந்தது என்று கைநீட்டிக் காட்டச் சொல்லலாம். வெயில் தாழ்ந்த பின், அவர் கால் வலிக்காத நாளில்.