காட்சியும் கடமையும்



புகையிரதத்தில் யன்னலோரத்து ஆசனம் கிடைத்தால் மகிழாதவர் யார்? அந்த ஒரு விடயத்தில் பெரியவர்களும் குழந்தைகளாகி விடுகிறோம். வண்டியை ஓட்டும் பொறுப்பு நமக்கில்லை. வயலும் குளமும் பனங்கூடலும் தாமாகவே வந்து நம் கண்முன் நின்று போகின்றன. இத்தகைய எளிய இன்பத்தில் அறநெறிக் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று நீங்கள் வினவலாம். பார்ப்பதும் ஒரு செயலே. செயல் என்று வந்துவிட்டால் அதில் நன்றும் உண்டு, தீதும் உண்டு.

இந்த இன்பத்துக்கென்றே மனிதர் தனிப் பெட்டிகள் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் சைரஸ் ஒஸ்போர்ன் என்பவர் 1944ஆம் ஆண்டு, கொலராடோவின் கிளென்வுட் மலையிடுக்கு வழியாகப் புகையிரத இயந்திரத்தில் ஏறிச் சென்றார். இயந்திர ஓட்டுநர் காணும் இந்த அழகைப் பின்னால் அடைந்து கிடக்கும் பயணிகளும் காண வேண்டாமா என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அடுத்த ஆண்டே, 1945இல், பர்லிங்டன் புகையிரதக் கம்பனி கூரைமேல் கண்ணாடிக் கூடு வைத்த பெட்டியை ஓடவிட்டது. இந்தியாவிலும் 2017ஆம் ஆண்டு முதல் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வண்டியில் கண்ணாடிக் கூரையும் சுழலும் ஆசனங்களும் கொண்ட 'விஸ்டாடோம்' பெட்டி இணைக்கப்பட்டது. நம் நாட்டின் பதுளைப் பாதையில், வண்டியின் கடைசியில் பெரிய கண்ணாடி யன்னலோடு ஓடிய 'ஒப்சவேஷன்' பெட்டியை மலைநாடு சென்ற பலர் அறிவர். ஒருவர் கண்ட அழகை எல்லோருக்கும் பங்கிட வேண்டும் என்பதே இவற்றின் தொடக்கம். அது நல்ல எண்ணம்.

நமது வடபாதையில் கண்ணாடிக் கூரை இல்லை. ஆனால் ஆனையிறவுக்கு அது வேண்டியதுமில்லை. பரந்தனைத் தாண்டியதும் மரங்கள் விலகி, வானம் தாழ்ந்து, இருபுறமும் கடல்நீரேரி விரிகிறது. பெருநிலத்தையும் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய பாதையில், நீர்மேல் போவதுபோல வண்டி போகிறது. மேற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, கிழக்கே சுண்டிக்குளம் பக்கம். மாரி முடிந்த மாதங்களில் வலசை வந்த பறவைகள் ஆழமற்ற நீரில் கூட்டங்கூட்டமாக நிற்கும். கோடையில் உப்புப் பாத்திகள் கண்ணைக் கூசச் செய்யும். சில நிமிட நேரந்தான். ஆயினும் அந்தச் சில நிமிடத்துக்காக நித்திரை விட்டு எழுந்து யன்னலுக்கு வருகிறவர்கள் உண்டு.

1905ஆம் ஆண்டு முழுமை பெற்றது இந்தப் பாதை. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 யூன் மாதத்தில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்றது; தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் போரில் அழிந்தன. 1991இல் ஆனையிறவு முகாமைச் சூழ்ந்து பெருஞ்சமர். 2000 ஏப்ரிலில் முகாம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. 2009 சனவரியில் இராணுவம் மீண்டும் கைப்பற்றியது. இரு தரப்பிலும் எத்தனை தாய்மாரின் பிள்ளைகள் அந்த உப்பு வெளியில் முடிந்து போனார்கள்! 2014 ஒக்டோபரில், இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, புகையிரதம் மறுபடியும் யாழ்ப்பாணம் வந்தது.

இப்போது கேள்விக்கு வருவோம். வெளிநாட்டில் பிறந்த ஒரு பிள்ளை அம்மம்மாவோடு அந்த வழியே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நீரையும் பறவையையும் கண்டு, "அம்மம்மா, எவ்வளவு வடிவு, பாருங்கோ!" என்று கூவுகிறது. அம்மம்மாவோ முகத்தை உட்புறம் திருப்பிக்கொள்கிறார். அவருடைய மகன் ஒருவன் அந்தப் பக்கத்தில்தான் இல்லாமற் போனான். இருவரில் யார் சரி?

"இத்தகைய இடத்தில் அழகை இரசிப்பது இறந்தோரை அவமதிப்பதாகும்" என்பார் சிலர். இதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் இப்படிச் சொன்னால், அவருக்குப் பாடம் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் இதைப் பொது விதியாக்கினால் எங்கே போய் முடியும்? ஆனையிறவு மட்டுமா? முல்லைத்தீவுக் கடற்கரை, வன்னிக் காடு, மடுவுக்குப் போகும் வழி எல்லாமே இரசிக்கத் தகாதவையாகிவிடும். அங்கேயே பிறந்து, அங்கேயே வலை வீசி, அங்கேயே பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் என்ன செய்வது? தம் ஊர் வடிவானது என்று சொல்லும் உரிமையையும் அவர்கள் இழக்க வேண்டுமா? உயிர்களைக் கொண்டுபோன போருக்கு நிலத்தின் அழகையும் நாமாகவே எழுதிக் கொடுப்பது நியாயமாகாது.

"நடந்தது நடந்துவிட்டது, நீர் நீர்தான், பறவை பறவைதான், பழையதைக் கிளறாமல் பார்த்து மகிழ்வோம்" என்பார் வேறு சிலர். இதிலும் ஓர் உண்மை உண்டு. நீரேரி எவரையும் கொல்லவில்லை. ஆனால் செத்த வீட்டுக்குப் போன ஒருவர், முற்றத்து மல்லிகைப் பந்தலைப் புகழ்ந்துவிட்டு, வீட்டாரை ஒரு வார்த்தை விசாரியாமல் திரும்பினால் அவரைப் பற்றி என்ன சொல்வோம்? மல்லிகை அழகானதுதான். அதைப் புகழ்ந்ததில் குற்றமில்லை. வீட்டாரைக் காணாமல் விட்டதுதான் குற்றம்.

ஆகவே அழகை இரசிப்பதா, துயரை நினைப்பதா என்று இரண்டில் ஒன்றைத் தெரியச் சொல்வதே பிழையான கேள்வி. பிள்ளையும் சரி, அம்மம்மாவும் சரி. ஒருவர் மற்றவரின் வாயை அடைக்கும்போதுதான் தவறு தொடங்குகிறது. "அழாதேங்கோ, பறவையைப் பாருங்கோ" என்று தாயை அடக்குவதும் தவறு, "இதில் என்ன சிரிப்பு?" என்று பிள்ளையை அதட்டுவதும் தவறு. அம்மம்மா விரும்பினால் சொல்லட்டும், பிள்ளை கேட்கட்டும். கேட்ட பிறகு அதே நீரை அந்தப் பிள்ளை மறுபடி பார்க்கும். அழகு குறையாது. ஆனால் அந்த அழகுக்கு ஓர் உறவு உண்டாகியிருக்கும்.

கண்ணாடியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண்ணாடி ஒளியை விடும். உப்புக் காற்றின் எரிவை விடாது. எனவே கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு எல்லாமே படமாகத் தோன்றும். மனிதரும் படமாகிவிடுவர். இங்கேதான் விழிப்பு வேண்டும்.

உப்பளத்தைப் பாருங்கள். நீரைப் பாத்திகளில் விட்டு, வெயிலில் வற்றவிட்டு, படிந்த உப்பை வாரிக் குவிக்க வேண்டும். உப்புக்கு வெயில் எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவும் வேலை செய்கிறவரின் தலையிலும் விழும். வெள்ளை நிலம் அந்த வெயிலை மறுபடி கண்ணில் அடிக்கும். யன்னலிலிருந்து பார்ப்பவருக்கு வெண்மை ஓர் அழகு. பாத்தியில் நிற்பவருக்கு அதுவே கண்ணெரிவு. ஒரு காலத்தில் இந்த உப்பைக் கொண்டே பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை இயங்கியது. போர் இரண்டையும் நிறுத்தியது. 2025 மார்ச்சில் ஆனையிறவில் உப்புத் தொழிற்சாலை ஒன்று திறக்கப்பட்டது. நம் வீட்டுக் கறிக்கு உப்புப் போடும்போது அந்த வெயிலை ஒரு கணம் நினைத்தால், நாம் பார்த்த காட்சிக்கு ஒரு சிறு கடன் தீர்த்தவர்களாவோம்.

மலைநாட்டுப் பாதையும் இதையே சொல்கிறது. 1867இல் கண்டியை எட்டிய அந்த இருப்புப் பாதை உல்லாசப் பயணிகளுக்காகப் போடப்பட்டதன்று. தோட்டங்களின் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே அது போடப்பட்டது. பின்னர் தேயிலை வந்தது. பாதையும் 1924இல் பதுளை வரை நீண்டது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த நம் சகோதரர்கள். யன்னல்வழி தெரியும் பச்சைச் சரிவு அவர்கள் கைபட்டு ஆனது. கொழுந்து பறிக்கும் பெண்ணைப் படம் எடுப்பவர் பலர். அவருடைய லயன் வீட்டைப் பற்றிக் கேட்பவர் சிலரே.

அப்படியானால் நல்ல பார்வை எது? ஒரு சின்னச் சோதனை உண்டு. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர் தலை நிமிர்ந்து உங்களைப் பார்த்தால், உங்கள் பார்வை அப்படியே நிற்குமா, கூசி விலகுமா? ஒரு சிரிப்போடோ, தலையசைப்போடோ நிற்குமானால் அது நல்ல பார்வை. கூசுமானால், நீங்கள் அதுவரை அவரைக் காட்சிப் பொருளாக வைத்திருந்தீர்கள் என்பதே பொருள்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். அந்த யன்னல் நமக்கு மட்டும் உரியதன்று. எதிர் ஆசனத்தில் தெற்கிலிருந்து வரும் ஒரு தாய் இருக்கலாம். அவருடைய மகனும் இதே ஆனையிறவில் சீருடையோடு முடிந்திருக்கலாம். இரண்டு தாய்மாரும் ஒரே நீரைப் பார்க்கிறார்கள். மொழி விளங்காவிட்டாலும் மௌனம் விளங்கும். போருக்குப் பின் ஆனையிறவுப் புகையிரத நிலையத்தை மறுபடி கட்ட நாட்டின் பாடசாலைப் பிள்ளைகள் பணம் சேர்த்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளால் முடிந்தது பெரியவர்களால் முடியாதா?

எனவே, வாசகர்களே, அடுத்த முறை அவ்வழியே போகும்போது தயங்காமல் யன்னலருகே செல்லுங்கள். கண்ணாரப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஊரின் பெயரையும் அங்கே நடந்ததையும் அவர்கள் வயதுக்கேற்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் மௌனமாக இருந்தால் அந்த மௌனத்துக்கு இடம் கொடுங்கள். யன்னல் திறக்கக்கூடியதானால் சற்றுத் திறந்து விடுங்கள். உப்புக் காற்று முகத்தில் படட்டும்.