'முடியாது' என்று சொல்ல எவ்வளவு ஆகும்?

சென்னையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் துறையில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். ஆள் எடுப்பது, சம்பளம் போடுவது, லீவு கணக்கு பார்ப்பது என்று என் வேலையை விளக்கலாம். அதெல்லாம் மேற்பூச்சு. அடுத்தவர் நடத்தையை மாற்றுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். லேட்டாக வருகிறவர் நேரத்துக்கு வரவேண்டும். பேப்பர் போட நினைக்கிறவர் இன்னும் ஒரு வருஷம் இருக்கவேண்டும். சனிக்கிழமை கூப்பிட்டால் முகம் சுளிக்காமல் வரவேண்டும். அதட்டவும் கூடாது, மிரட்டவும் கூடாது. எல்லாம் அவர்களே விரும்பிச் செய்ததாக இருக்கவேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்குச் சிக்கல். ஒருவரை விரும்பவைப்பது அவரை மதிப்பதா, அவரை வளைப்பதா? இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது?

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தின் முதல் குறளில் ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க நான்கு சோதனைகளைச் சொல்கிறார்: அறம், பொருள், இன்பம், உயிரச்சம். இவை நான்கையும் காட்டி அசைத்துப் பார்க்கும் தேர்வு அது என்று பரிமேலழகர் விளக்குகிறார். இந்த நான்காலும் அசையாதவனே நம்பத்தக்கவன். இன்றைய மனிதவளத் துறையும் இதே நான்கைத்தான் கையில் வைத்திருக்கிறது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்பது அறம். இன்சென்டிவ் பொருள். டீம் அவுட்டிங் இன்பம். வேலை போய்விடும் என்பது உயிரச்சம். ஒரு வித்தியாசம் உண்டு. வள்ளுவர் இவற்றால் அசையாத ஆளைத் தேடினார். நாங்கள் இவற்றைக் கொண்டு ஆளை அசைக்கிறோம்.

எங்கள் ஊர் இந்த வித்தையை வெகுகாலம் முன்பே பார்த்த ஊர். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணி மலையிறங்கும் வேகத்தைக் கண்டு, அந்தத் தண்ணீரின் விசையில் ஓடும் நூற்பாலையை இங்கே அமைத்தார்கள். பின்னாளில் மதுரா கோட்ஸ் ஆனது அதுதான். விசை மலையிலிருந்து வந்தது. ஆள் வயலிலிருந்து வந்தான். வயலுக்கு நாற்று, களை, அறுப்பு என்று ஒரு காலக்கணக்கு, மில்லுக்கு ஷிப்ட். சம்சாரியை ஷிப்ட்காரனாக மாற்றியதே எங்கள் பக்கத்தின் முதல் மனிதவள மேலாண்மை என்பேன்.

அது எப்படி நடந்தது? நூற்பாலைகளில் பதிலி என்றொரு முறை உண்டு. நிரந்தரத் தொழிலாளி வராத அன்றைக்குப் பதிலிக்கு வேலை கிடைக்கும். மற்ற நாட்களில் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். பதிலியாக நிற்பவருக்கு யாரும் ஒழுக்கம் சொல்லித்தர வேண்டாம். நாளைக்கும் கூப்பிடணுமே என்ற நினைப்பு ஒன்று போதும். எந்த மேஸ்திரியின் அதட்டலைவிடவும் அது வலுவானது. அதே சமயம், மில் தந்ததையும் மறைக்கக் கூடாது. மழை பொய்த்தாலும் பொய்க்காத மாதச் சம்பளம் அது. எங்கள் தெருவில் படித்து மேலே வந்தவர்கள் பலர் மில் சம்பளத்தில் படித்தவர்கள்தான். ஒரே கயிறுதான், ஏறவும் உதவும், கட்டவும் உதவும்.

அந்தக் கயிற்றின் மறுமுனையை 1908-இல் தூத்துக்குடி பார்த்தது. அங்கிருந்த கோரல் மில்லும் ஹார்விகளின் நிர்வாகத்தில் இருந்ததுதான். பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் மேடையில் பேசியது எல்லோருக்கும் தெரியும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. கூலி நின்றுபோனவர்களின் வீட்டில் அடுப்பெரிய ஊரில் நிதி திரட்டினார் வ.உ.சி. பேச்சு கோபத்தைத் தரும். கோபம் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் பிள்ளை பசி என்று அழும்போது கோபம் தாங்காது. 'முடியாது' என்ற சொல்லுக்கு ஒரு விலை இருக்கிறது. அந்த விலையை ஊரே பங்குபோட்டுக் கட்டியதால்தான் ஒரு தொழிலாளியால் அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தது. மார்ச் முதல் வாரத்திலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை எல்லாம் கிடைத்தன.

மேலாண்மைப் பாடத்தில் கோரல் மில் வராது, ஹாதார்ன் வரும். சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஆலையில் 1924-இல் தொடங்கிய ஆய்வுகள் அவை. வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. ஆகவே கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே மனிதரை ஊக்குகிறது என்று சொல்லித்தருவார்கள். ஒரு தகவலை மட்டும் விரைவாகக் கடந்துவிடுவார்கள். 1927-இல் ஒரு தனி அறையில் சில பெண் தொழிலாளர்களை அமர்த்தி, கருத்துக் கேட்டு, ஓய்வு இடைவேளை தந்து கவனித்தார்கள். அவர்களில் இருவர் அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்று 1928 ஜனவரியில் மாற்றப்பட்டார்கள். வந்து உட்கார்ந்த புதியவர்களையும் சேர்த்துக்கொண்டு ஆய்வு தொடர்ந்தது. கருத்துக் கேட்கும் அறைதான். ஆனால் அங்கேயும் 'முடியாது' என்பதற்கு ஒரு விலை இருந்தது. அந்த விலை நாற்காலி.

இனி எங்கள் மலைக்கு வருகிறேன். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் பி.பி.டி.சி. நிறுவனம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களை நடத்திவந்தது. 1999 ஜூலை 23 அன்று அத்தொழிலாளர்களுக்காக நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் தடியடிக்குப் பயந்து ஓடி 17 பேர் தாமிரபரணியில் மாண்டதை இந்தப் பக்கம் மறக்காது. 2024-இல், குத்தகை முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, நிறுவனம் தோட்டத்தை மூட முடிவெடுத்துத் தொழிலாளர்களுக்கு ஒரு படிவம் தந்தது. அதன் பெயர் விருப்ப ஓய்வு.

விருப்பம். தோட்டத்தில் வீடு நிர்வாகத்துடையது. 1951-ஆம் ஆண்டின் பெருந்தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம் எல்லாவற்றையும் முதலாளியின் கடமையாக வைத்தது. நல்ல நோக்கத்தில் வந்த சட்டம்தான். ஆனால் வேலை போனால் கூரையும் போகும் என்ற நிலையும் கூடவே வந்தது. நான்கு தலைமுறையாக மலையிலேயே வாழ்ந்து, கீழே ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அதில் விருப்பம் எத்தனை பங்கு? கையெழுத்து அவருடையதுதான்; யாரும் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. ஆனால் போடாமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார்? இந்தக் கேள்விக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

'அப்படிப் பார்த்தால் யார்தான் யாரை வளைக்கவில்லை? அம்மா செய்யவில்லையா, வாத்தியார் செய்யவில்லையா?' என்று கேட்கலாம். நியாயம்தான். ஷிப்டுக்கு ஆள் வராமல் மில் ஓடாது. நேரத்துக்கு வா என்று சொல்வது அநீதியும் இல்லை. பிறரைப் பாதிக்காமல் இருவர் சேர்ந்து வேலை செய்யவே முடியாது. அதனால்தான் கோட்டைச் செல்வாக்கின் அளவில் தேடக் கூடாது என்கிறேன். எவ்வளவு இனிப்பாகச் சொன்னார்கள் என்பதிலும் தேட வேண்டாம். 'ஆமாம்' என்றால் என்ன கிடைக்கும் என்று எல்லாத் திட்டங்களும் பெரிய எழுத்தில் போடும். 'முடியாது' என்றால் என்ன போகும் என்பதில்தான் அறம் இருக்கிறது.

அதனால் ஒரு புதுத் திட்டம் மேசைக்கு வந்தால் இரண்டு கேள்வி கேட்கிறேன். இதை ஏன் செய்கிறோம் என்பதை ஊழியரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? வேண்டாம் என்கிறவர் அடுத்த மாதமும் அதே மரியாதையோடு அதே இடத்தில் இருப்பாரா? மீட்டிங்கில் இதற்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில். "என்ன பாஸ், யூனியன் லீடர் மாதிரி பேசுறீங்க?" என்பார்கள். நான் லீடர் இல்லை. அந்த நிறுவனத்தின் சம்பளத்தில்தான் என் வீட்டு ஈ.எம்.ஐ. போகிறது. ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் எனக்கும் ஒரு கணக்கு ஓடுகிறது.