பூனைக்கு எட்டாத மணி

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மிருக கிளினிக்கின் மருந்து கவுண்டரில் மூன்று வருடம் வேலை செய்தேன். அதற்கென்று படித்தவள் அல்ல; சேர்ந்த பிறகு பார்த்துப் பழகியதுதான். டாக்டர் அறையிலிருந்து கார்டு வரும். அதில் எழுதியிருக்கும் மருந்தை அலமாரியிலிருந்து எடுத்து, எண்ணி அல்லது அளந்து, லேபல் ஒட்டி, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது மிருகத்தின் பெயரை. எழுந்து வருவது மனிதர்.

ஒரு சனிக்கிழமை காலை. நல்ல மழை, உட்கார இடமில்லாத கூட்டம். தனியாக வாழும் ஓர் ஆண்ட்டி தன்னுடைய பதின்மூன்று வயதுப் பூனையைக் கூடையில் கொண்டு வந்திருந்தார். நான்கு கிலோ, பின்னங்கால் வலி. டாக்டர் மெலோக்சிகம் எழுதினார்: தினம் ஒரு வேளை, 0.4 மில்லி, ஐந்து நாள். இந்த மருந்து இரண்டு வீரியத்தில் வரும். பூனைக்கு உள்ளதில் ஒரு மில்லியில் 0.5 மில்லிகிராம். நாய்க்கு உள்ளதில் 1.5 மில்லிகிராம். இரண்டு பாட்டிலும் ஒரே கம்பெனி, ஒரே நிறம், எங்கள் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில். நான் சின்ன பாட்டிலில் ஊற்றி, சிரிஞ்சில் கோடு காட்டி, "ராத்திரி சாப்பாட்டோட குடுங்க ஆண்ட்டி" என்று சொல்லி அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை கடை அடைக்கும் நேரம் ஸ்டாக் எண்ணினேன். புதிதாக வந்திருந்த பூனை பாட்டிலின் சீல் உடைக்கப்படவே இல்லை.

அந்த சீலைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கணக்கு சின்னக் கணக்குதான். அதே 0.4 மில்லியில் 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 0.6 இருந்திருக்கிறது. மூன்று மடங்கு. மூன்று இரவு. இந்த வகை வலி மருந்து கூடிப்போனால் முதலில் அடிவாங்குவது வயிறும் கிட்னியும். பூனைக்கு கிட்னி ஏற்கெனவே பலவீனமான இடம், அதிலும் வயதான பூனைக்கு.

டாக்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "போன் பண்ணி நிப்பாட்டச் சொல்லும்மா. மருந்து மாத்துறோம்னு மட்டும் சொல்லு" என்றார். போன் செய்தேன்.

"ஏம்மா, ஏதும் பிரச்சனையா?"

"இல்ல ஆண்ட்டி, சும்மாதான்."

வியாழக்கிழமை பூனை வாந்தியோடு வந்தது. இரண்டு நாள் டிரிப் ஏற்றினோம். ரத்தப் பரிசோதனையில் கிட்னி எண்கள் ஏறியிருந்தன. ஓரளவு தேறி வீட்டுக்குப் போனது. மூன்று வாரத்தில் செத்துப்போனது. டிரிப்புக்கும் பரிசோதனைக்கும் பில் அடித்தது நான்தான். ஆண்ட்டி பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

*

மருந்து மாறிப்போவது மனிதர் கிளினிக்கிலும் நடக்கும். ஆனால் அங்கே கடைசியாக ஒரு காவல் இருக்கிறது: நோயாளியின் வாய். "இது என் மாத்திரை இல்லையே, போன தடவை வெள்ளையா இருந்துச்சே" என்று ஒரு தாத்தா கேட்டாரென்றால் ஒரு விபத்து கவுண்டரிலேயே நின்றுவிடும். பூனை அப்படிக் கேட்காது. ருசியாக இருந்தால் நக்கிவிடும். மறுநாள் தலை சுற்றினாலும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

வாயில்லாத நோயாளி என்பது ஒரு பக்கம். ஒரே அலமாரி பல ஜாதி உயிர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டு கிலோ குட்டிக்கும் நாற்பது கிலோ ரோட்வைலருக்கும் அங்கிருந்துதான் மருந்து போகிறது. எடை மட்டும்தான் வித்தியாசம் என்றால் கணக்குப் போட்டுவிடலாம். உடம்பே வேறு. நாம் தலைவலிக்குப் போடும் ஒரே ஒரு பெனடோல் ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதை முறிக்கும் வழி பூனையின் கல்லீரலுக்குச் சரியாக வாய்க்கவில்லை. நாயின் கழுத்தில் உண்ணிக்குச் சொட்டுகிற பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பல நாய்களுக்கு ஒத்துப்போகும் ஐவர்மெக்டின், ஒரு மரபணு மாற்றம் உள்ள கோலி இன நாய்களுக்கு மூளையைத் தாக்கும். இன்சுலினில் இன்னொரு பள்ளம். மிருகங்களுக்கான இன்சுலின் மில்லிக்கு 40 யூனிட், மனிதருக்கானது பெரும்பாலும் 100. நாற்பதுக்கான சிரிஞ்சில் நூறை ஏற்றினால், நான்கு யூனிட் என்று நினைத்துப் போடுவது பத்து யூனிட்டாக உள்ளே போகும்.

நம் நாட்டில் மருந்து எழுதும் டாக்டரின் கிளினிக்கே மருந்தையும் கொடுக்கிறது. 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டம் அதற்கு இடம் தருகிறது. மக்களுக்கு வசதிதான், ஒரே இடத்தில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அந்தக் கார்டை இரண்டாவது முறை வேறு கண்ணோடு பார்க்க வெளியில் ஒரு மருந்தாளுநர் இல்லை. டாக்டருக்கும் பூனைக்கும் நடுவில் நின்றது நான் மட்டும்தான். எனக்கோ அன்றைக்குக் கூட்டம், மழை, பசி.

*

அதன் பிறகு கிளினிக்கில் சில மாற்றங்கள் வந்தன. பெரிதாக ஒன்றுமில்லை, பணமும் செலவாகவில்லை. நாய் மருந்து ஓர் அலமாரிக்கும் பூனை மருந்து எதிர் அலமாரிக்கும் போயின. நாய்க்கான திரவ மருந்துகளின் கழுத்தில் சிவப்பு டேப் சுற்றினோம். கார்டில் வெறும் மில்லி எழுதக்கூடாது, பாட்டிலின் வீரியமும் மில்லிகிராமும் சேர்த்து எழுத வேண்டும் என்று டாக்டரே விதி வைத்தார். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் கட்டாயம். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் கூடாது. 5.0 என்று எழுதி, புள்ளி மங்கினால் ஐந்து ஐம்பதாகிவிடும். எடுத்த மருந்தை இன்னொருவர் பாட்டிலைப் பார்த்துச் சத்தமாகப் படித்த பிறகுதான் பையில் போட வேண்டும்.

கவுண்டரில் கேட்கும் கேள்வியையும் மாற்றினோம். முன்பெல்லாம் "இது மணிக்குத்தானே?" என்று கேட்போம். அவசரத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்பார். பிறகு "யாருக்கு மருந்து? நாயா பூனையா? என்னத்துக்கு?" என்று கேட்டோம். பதிலை அவர் வாயால் சொல்ல வேண்டும். பேச முடியாத நோயாளிக்காக வீட்டுக்காரரைப் பேச வைக்கும் வழி அது. அந்தக் கேள்வியில் இரண்டு முறை தவறு பிடிபட்டது எனக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் விபத்துகளைப் பற்றி ஓர் உவமை சொல்வார். ஒவ்வொரு பாதுகாப்பும் ஓட்டை உள்ள ஒரு துண்டு சீஸ். துண்டுகளை அடுக்கி வைத்தால் ஓர் ஓட்டையை இன்னொன்று மறைக்கும். எல்லா ஓட்டையும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில் விபத்து நடக்கிறது. ஆகவே தவறிய கையைத் தேடாதே, ஓட்டைகளைத் தேடு என்பது அவர் கட்சி. இதைப் படித்த அன்று எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. தவறு அலமாரியுடையது, மழையுடையது, ஒரே மாதிரி பாட்டில் செய்த கம்பெனியுடையது.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான் நின்றது. ரீசன் சொல்வது தவறைத் தடுக்க வழி காட்டுகிறது. நடந்துவிட்ட தவறுக்கு யார் என்ன கடன்பட்டிருக்கிறார் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கி, அலமாரியை மாற்றியதாலேயே கணக்குத் தீர்ந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

*

மனுநீதிச் சோழன் கதை நமக்குப் பள்ளியிலேயே வந்துவிடுகிறது. இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று விழுந்து செத்தது. வேண்டுமென்று செய்ததல்ல, கன்று ஓடி வந்தது, அவன் பார்க்கவில்லை. தாய்ப்பசு அரண்மனை வாசலுக்குப் போய் ஆராய்ச்சி மணியை இழுத்தது. அரசன் தன் மகனையும் அதே தேர்க்காலில் இடச் சொன்னான். பெரியபுராணத்தில் இன்னொரு சாவும் உண்டு: அந்தக் கட்டளையைச் செய்ய மனமில்லாத மந்திரி தன் உயிரை விட்டுவிடுகிறார். கடைசியில் சிவன் வந்து எல்லோரையும் எழுப்புகிறார்.

கவுண்டரில் வேலை செய்த பிறகு இந்தக் கதையில் இரண்டு விஷயம் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. ஒன்று, தேர் அத்தனை வேகமாகப் போன தெருவைப் பற்றி யாரும் பேசவில்லை. தண்டனை முடிந்த மறுநாளும் அந்தத் தெருவில் தேரும் கன்றும் இருந்திருக்கும். இரண்டு, அந்த மணி. ஒரு மாட்டுக்கு எட்டுகிற உயரத்தில் அதைக் கட்டி வைக்க ஓர் அரசனுக்குத் தோன்றியிருக்கிறதே! எங்கள் கிளினிக்கில் அப்படி ஒரு மணி இல்லை. ஆண்ட்டியின் பூனை எதை இழுக்கும்?

மணி தானாக அடிக்கிற சந்தர்ப்பமும் உண்டு. 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வெனிசுவேலா போலோ அணி ஒன்றின் 21 குதிரைகள் ஆட்டத்துக்குத் தயாரான நேரத்தில் விழுந்து செத்தன. ஒரு மருந்தகம் கலந்து கொடுத்த சத்து மருந்தில் செலினியம் அளவு மீறியிருந்தது. அத்தனை குதிரைகள், அத்தனை பேர் கண்ணெதிரில். விசாரிக்காமல் இருக்க முடியாது. தனியாக வாழும் ஆண்ட்டியின் ஒரு கிழட்டுப் பூனைக்கு எந்த விசாரணையும் வராது. ஆகவே, செய்தவர் வாயைத் திறந்தால்தான் அந்தத் தவறு உலகத்தில் இருக்கும். திறக்காவிட்டால் அது 'வயசாயிடுச்சு' என்ற பெயரில் அடங்கிவிடும்.

வாயைத் திறப்பவருக்கு என்ன நடக்கிறது? அமெரிக்காவில் ரடோண்டா வாட் என்ற செவிலியர் 2017-இல் மயக்க மருந்துக்குப் பதில் தசைகளை முடக்கும் மருந்தை எடுத்துப் போட்டார். பெயரின் முதல் இரண்டு எழுத்து இரண்டுக்கும் ஒன்று. நோயாளி இறந்தார். தவறு தெரிந்ததும் அவரே சொன்னார். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. சிறை இல்லை, மூன்று ஆண்டு கண்காணிப்பு. ஒரு மனித உயிர் போயிருக்கிறது, அதை லேசாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் செய்தியைப் படித்த என்னைப் போன்ற ஒருத்திக்கு அது சொல்லும் பாடம் 'பார்த்துச் செய்' என்பது மட்டுமல்ல, 'சொல்லாதே' என்பதும்தான். சீல் உடையாத பாட்டிலைப் பார்த்த அன்று அதை நானே உடைத்து, கொஞ்சம் கொட்டிவிட்டு, பேசாமல் இருந்திருக்கலாம். அந்த நினைப்பு வரவில்லை என்று சொன்னால் பொய். டாக்டர் கத்தக்கூடியவராக இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

*

அந்த தீபாவளிக்கு ஆண்ட்டி ஒரு டப்பா முறுக்கு கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். "நீங்கள்லாம் நல்லாதான் பாத்துக்கிட்டீங்க. நான்தான் லேட்டா கொண்டாந்துட்டேன். காலை இழுத்து இழுத்து நடந்துச்சு, பாவம், ரெண்டு வாரம் சும்மா இருந்துட்டேன்" என்றார்.

அதுவரை என் மனசாட்சியோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. சொன்னால் பூனை திரும்பி வரப்போவதில்லை; ஆண்ட்டிக்கு வலிதான் கூடும்; சொல்வது என் பாரத்தை இறக்கத்தானே தவிர அவருக்காக அல்ல. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முறுக்கு டப்பாவைக் கையில் வாங்கியபோது அது உடைந்தது. நான் மறைத்த தவறு காணாமல் போகவில்லை. ஆண்ட்டியின் கணக்கில் ஏறியிருந்தது. பில்லையும் அவர் கட்டினார், பழியையும் அவரே சுமந்தார்.

1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவவாதிகள் 'அறம் சார்ந்த அதிர்ஷ்டம்' என்று ஒன்றைப் பற்றி எழுதினார்கள். ஒரே கவனக்குறைவு ஒருவன் கையில் ஒன்றுமில்லாமல் போகிறது, இன்னொருவன் கையில் உயிரை எடுக்கிறது. நாம் இருவரையும் ஒரே தராசில் வைப்பதில்லை. பூனை பிழைத்திருந்தால் நான் இதை எழுதியிருப்பேனா? மாட்டேன். மூன்று வருடத்தில் எனக்குத் தெரிந்த தவறு இது ஒன்றுதான், ஒரு சீல் காட்டிக் கொடுத்ததால். தெரியாமலே போனவை எத்தனை, அவற்றின் பழியை எத்தனை வீட்டில் யார் சுமக்கிறார்கள் என்பதை இனி கண்டுபிடிக்க வழியில்லை.

வேலையை விட்ட பிறகு ஆண்ட்டி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொல்லி, "மைலோ குடிக்கிறியாம்மா?" என்றார். புதிதாக ஒரு பூனைக்குட்டி ஜன்னலில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: பாட்டில், மூன்று மடங்கு, 'சும்மாதான்', பில். அவர் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அப்ப நான் லேட்டா கொண்டாந்ததுனால இல்லையா?"

ஆமாம் என்று முழுதாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பதின்மூன்று வயதுப் பூனை. கிட்னி முன்பே கெட்டிருக்கவும் கூடும். "அதுனால இல்ல ஆண்ட்டி. எங்க மருந்தால இருக்கலாம், வயசாலயும் இருக்கலாம். நீங்க லேட்டா வந்ததுனால இல்ல" என்றேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லம்மா" என்றார்.

இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மைலோ வரவில்லை.