முதல் மீனும் அதன் ஹக்கும்

உண்பதற்காக மீன் பிடிப்பதில் மார்க்கத்தில் தடையேதும் இல்லை. இஹ்ராம் கட்டியவர்க்கும் நீர்வேட்டை ஆகும் என்பதை மாயிதா அத்தியாயத்தின் 96ஆம் வசனம் தெளிவாக்குகிறது. அறுக்காமலே உண்ணலாம் என்னும் சலுகை வேறு. ஆனால், திரும்பவும் ஆற்றில் விட்டுவிடுவதற்கென்றே மீனைப் பிடிப்பது எத்தகைய செயல்?

ஸ்காட்லாந்தின் டே நதிக்கரையில் முதன்முறையாகத் தூண்டிற்கோல் ஏந்திய ஒருவனை எண்ணிப் பார்ப்போம். இறகும் நூலும் கொண்டு கட்டிய போலி ஈயைக் காலைமுதல் வீசி வீசி அவன் தோள் ஓய்ந்துவிட்டது. திடீரென நூல் கனக்கிறது. ஓடும் மீனை ஓடவிட்டு, நின்றபோது நூலைச் சுற்றுகிறான். கரையோரம் வெள்ளியாய் மின்னுகிறது ஒரு சால்மன். அவன் கைகள் நடுங்குகின்றன.

அம்மீன் கடந்து வந்த வழி நெடியது. ஆற்றின் கூழாங்கற்களிடையே பிறந்து, சில ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்து, கடல் சென்று பருத்து, பிறந்த ஆற்றின் மணத்தை அறிந்து இனம்பெருக்கத் திரும்பியது அது. ஆற்றில் நுழைந்தபின் சால்மன் இரை உண்பதில்லை. உடம்பில் சேர்த்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. பசியில்லாத மீன் போலி ஈயைக் கவ்வுவது ஏன் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த விடையில்லை. தூண்டிலில் சிக்கிய மீனைப் பேராசைக்கு உவமையாக்கி நாம் மேடைகளில் பேசுவோமே, அது இங்கே பொருந்தாது!

1922 அக்டோபர் 7 அன்று இதே நதியில் ஜியார்ஜினா பாலன்டைன் என்னும் பெண்மணி பிடித்த சால்மன் 64 பவுண்டு எடை. பிரிட்டனில் தூண்டிலுக்கு அகப்பட்ட சால்மன்களுள் பதிவான பேரெடை இன்றும் அதுவே. அது பெர்த் நகர மருத்துவமனைக்கு உணவாகச் சென்றது. அங்கே நம் கேள்விக்கு இடமில்லை.

இன்றோ அவ்வினம் அருகிவருகிறது. 2023இல் பிரிட்டனின் சால்மன் அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஸ்காட்லாந்தில் ஏப்ரல் 1க்கு முன் பிடிபட்ட சால்மனை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆண்டு முழுவதும் தூண்டிலுக்கு அகப்படுவனவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆற்றுக்கே திரும்புகின்றன. ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பதே அங்குக் குற்றம். சனிக்கிழமையில் மீன்பிடிக்கத் தடுக்கப்பட்டு, வரம்பு மீறிய கடலோர ஊராரின் வரலாற்றை அஃராஃப் அத்தியாயத்தில் ஓதும் நமக்கு இது புதிதன்று.

ஆகவே நம் புதியவனும் மீனை விட்டுவிடுகிறான். கருணை என்று உடனிருப்போர் மெச்சுவர். நான் அவ்வளவு விரைவில் மெச்சமாட்டேன். உயிருள்ள ஒன்றை அம்புக்கு இலக்காக நிறுத்துவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். பயன் கருதாது விளையாட்டுக்காக மட்டும் வேட்டையாடுவதை ஃபிக்ஹு அறிஞர் பலர் மக்ரூஹ் என்றனர். உண்பவனுக்கு மீனின் துன்பம் உணவின் விலை. விடுபவனுக்கு அது அவனது களிப்பின் விலை, வேறொன்றுமில்லை. தான் கொடுத்த துன்பத்தைத் தானே நிறுத்துவது கடனேயன்றிக் கருணையாகாது.

தூண்டிற்காரர் செலுத்தும் பணத்தால்தான் ஆறு காக்கப்படுகிறது என்பர். அதில் மெய் உண்டு. ஆயினும் செயலால் விளையும் நன்மை வேறு, செய்பவனின் நிய்யத் வேறு. ஆற்றைக் காக்க விரும்புவோன் தூண்டிலின்றியும் பணம் தரலாமே.

ஹிஜ்ரி 660இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம், பிராணிகளுக்கு மனிதன்மேல் உள்ள ஹக்குகளைத் தம் கவாயிதுல் அஹ்காம் நூலில் வகுத்துரைத்தார். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப் போனாலும் தீனி கொடுக்க வேண்டும், தாங்காச் சுமை ஏற்றலாகாது என்பன அவற்றுட் சில. அவை நம் பராமரிப்பிலுள்ள பிராணிகளுக்குரியவை. ஆனால் கையில் அகப்பட்டதுமுதல் ஆற்று மீனும் நம் பொறுப்பில் வந்துவிட்டது என்றே நான் கொள்கிறேன்.

அந்த ஹக்கு இன்னதென்று தேர்ந்த தூண்டிற்காரர்கள் அறிவர். கொக்கியில் எதிர்முள் இருத்தலாகாது. மீனை நெடுநேரம் போராடவிட்டுக் களைப்பிக்கலாகாது. நனைந்த கையால் நீருக்குள்ளேயே பிடித்து, அது தானே வாலசைத்து நீந்தும்வரை தாங்க வேண்டும். புதியவனுக்கு இவற்றுள் அரியது, நீருக்கு மேலே தூக்காதிருப்பதுதான். முதல் மீனல்லவா, படம் எடுத்துக்கொள்ள மனம் துடிக்கும். அவன் படமெடுக்கும் நேரமெல்லாம் மீனுக்கு மூச்சில்லா நேரம்.

மீனினம் செழித்துள்ள ஆற்றில், சட்டம் இடமளித்தால், ஒன்றைப் பிடித்துச் சமைத்து அண்டை வீட்டாருக்கும் கொடுப்பவன்மேல் எனக்குக் குறையேதும் இல்லை. விடுவதற்கென்றே மீண்டும் மீண்டும் பிடிப்பவனிடம்தான் என் கேள்வி நிற்கிறது.