வாக்குத்தத்த அட்டையும் ஆண்டுக் கணக்கும்

2019 டிசம்பர் 31 நள்ளிரவு, தமிழ்நாட்டின் ஊர்தோறும் தேவாலய மணிகள் வழக்கம்போல அடித்தன. முழங்காலில் நின்றவர்கள் எழுந்து ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். தட்டில் அடுக்கியிருந்த வாக்குத்தத்த அட்டைகள் கைக்குக் கை மாறின. பூ, மலை, அருவிப் படங்களுக்கு நடுவே ஆசீர்வாதத்தையும் பெருக்கத்தையும் சொல்லும் வசனங்கள். வீட்டுக்கு வந்ததும் அவை அலமாரிக் கண்ணாடியில் ஏறின. மூன்று மாதம்கூட ஆகவில்லை, மார்ச் 25 முதல் நாடே பூட்டப்பட்டது. ஏப்ரல் 12-ல் வந்த ஈஸ்டர் பண்டிகைக்கு, ஆளில்லாத இருக்கைகளைப் பார்த்துப் போதகர்கள் பிரசங்கம் செய்தார்கள். விசுவாசிகள் வீட்டில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஆராதித்தார்கள்.

அந்த அட்டைகள் பொய்யாகிவிட்டனவா என்று அப்போது பலர் மனதுக்குள் கேட்டிருப்பார்கள். வசனம் பொய்யாகவில்லை. பிழை அதை வாங்கிய விதத்தில் இருந்தது. வாரப் பத்திரிகையில் வரும் புத்தாண்டுப் பலனைப் போல, வரப்போகும் பன்னிரண்டு மாதங்களுக்கான முன்னறிவிப்பாக அதை வாங்கிப் பழகியிருக்கிறோம். கடந்த ஆண்டின் கணக்கைக் கடவுளுக்கு முன் வைக்காமலே அடுத்த ஆண்டுக்கான வாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஒரு வசனத்தை எடுத்து அதோடு வாழும் வழக்கம் தவறானதல்ல. அது மிகப் பழையது, மதிப்புக்குரியது. ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில், 1728 மே 3-ஆம் தேதி மாலை, சின்சென்டார்ஃப் பிரபு மறுநாளுக்கென ஒரு வாசகத்தை அங்கிருந்த மொராவியச் சபைக்குக் கொடுத்தார். சகோதரர்கள் அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். 1731 முதல் அது புத்தகமாகவே அச்சாகி, ஓர் ஆண்டும் விடாமல் இன்றுவரை வருகிறது. 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய மொராவியச் சகோதரர்கள் இந்த மரபைச் சேர்ந்தவர்கள்தான். இன்றும் ஹெர்ன்ஹூட்டில், ஒரு பாத்திரத்தில் போட்டு வைத்த பழைய ஏற்பாட்டு வசனங்களிலிருந்து சீட்டு எடுத்து, மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் குறிக்கிறார்கள். அந்த நாளில் என்ன நடக்கும் என்று எடுப்பவருக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. வருவது எதுவானாலும் அதற்குள் நின்று கேட்க ஒரு வார்த்தை வேண்டும், அவ்வளவுதான்.

ஆண்டு இறுதியின் இரவு ஆராதனைக்கும் ஒரு முன்கதை உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரை ஒட்டிய கிங்ஸ்வுட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் சனிக்கிழமை இரவைச் சாராயக் கடையில் கழித்தவர்கள். மெதடிஸ்ட் எழுப்புதலில் மனம் திரும்பியபின், அதே இரவுகளில் பள்ளிக்கூடத்தில் கூடி விடிய விடிய ஜெபித்தார்கள். இதை நிறுத்தச் சொல்லும்படி மெதடிஸ்டுகளின் தலைவர் ஜான் வெஸ்லியிடம் சிலர் ஆலோசனை சொன்னார்கள். அவர் மறுத்தார். தாமும் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொல்லி, முழுநிலவுக்கு அருகிலுள்ள வெள்ளிக்கிழமையைக் குறித்தார். நள்ளிரவு தாண்டி வீடு திரும்புகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டுமே என்ற அக்கறை. 1742-ல் அது லண்டனுக்கும் போயிற்று. அப்போது அது மாதந்தோறும் நடந்த விழிப்பு. ஆண்டின் கடைசி இரவோடு அது சேர்ந்தது பிற்பாடு.

வெஸ்லி அதோடு விடவில்லை. 1755 ஆகஸ்ட் 11-ஆம் தேதி, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சுத் தேவாலயத்தில் ஏறக்குறைய 1,800 பேர் எழுந்து நின்று கடவுளோடு தங்கள் உடன்படிக்கையைப் புதுப்பித்தார்கள். உழைக்க இடம் கிடைக்கும் காலத்தையும், யாரும் கூப்பிடாமல் ஓரமாக உட்காரும் காலத்தையும் ஒரே மனதோடு ஏற்கும் ஒப்படைப்பு அது. பின்னாளில் இந்த ஆராதனை ஆண்டுத் தொடக்கத்துக்கு வந்து சேர்ந்தது. 1947-ல் மெதடிஸ்டுகளும் ஆங்கிலிக்கரும் பிறரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது இந்த மரபும் கூடவே வந்தது. பல சபைகளில் ஜனவரியின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஞாயிறுதான். நள்ளிரவு ஆராதனையில் வாசல் வரை நின்ற கூட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை இருப்பதில்லை. வாக்கு வாங்கும் இரவைவிட வாக்குக் கொடுக்கும் காலை நமக்குப் பாரமாக இருக்கிறது போலும்.

சரி, திரும்பிப் பார்ப்பது எங்கிருந்து தொடங்க வேண்டும்? பலர் குற்றத்திலிருந்து தொடங்குகிறார்கள். வேதம் வாசிக்கத் தவறிய நாட்கள், பிள்ளைகளிடம் எரிந்து விழுந்த மாலைகள், கொடுப்பதாகச் சொல்லிக் கொடுக்காத காணிக்கை. 1521-ல் பாம்ப்லோனா போரில் காலில் குண்டடிபட்டுப் படுக்கையில் கிடந்தபோது மனம் மாறிய இஞ்ஞாசியார் இதற்கு வேறு வரிசை வகுத்தார். 1548-ல் திருத்தந்தையின் ஒப்புதலோடு அச்சான அவருடைய ஆன்மிகப் பயிற்சிகளில் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் உண்டு. முதல் படி நன்றி. அதன் பிறகே ஒளிக்கான மன்றாட்டும், நேரம் நேரமாக நாளை அலசிப் பார்ப்பதும், மன்னிப்புக் கேட்பதும், திருந்தத் தீர்மானிப்பதும். பெற்றுக்கொண்டதை எண்ணிப் பார்த்தவனுக்கே தான் எதை வீணாக்கினான் என்பது தெரியும். குற்றத்தில் தொடங்குகிறவன் பெரும்பாலும் தன்னையே பார்த்துக்கொண்டு தன்னிலேயே முடிந்துவிடுகிறான்.

தன்னைத்தானே சோதிப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் பெரிய இறையியலாளர் ஜோனதன் எட்வர்ட்ஸ், 1722, 1723-ஆம் ஆண்டுகளில், இருபது வயதை எட்டும் முன்னரே 70 தீர்மானங்களை எழுதினார். நேரத்தை வீணாக்காதிருப்பது, பிறரைப் பற்றித் தீமை பேசாதிருப்பது என்று நீளும் அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை வாசிப்பதாகவும் உறுதி எடுத்திருந்தார். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தன்னைப் பார்த்துக்கொள்ளும் நமக்கு எட்டாத ஒழுங்கு அது. அதே எட்வர்ட்ஸ் 1731-ல் நியூபோர்ட்டுக்குப் போய், வீனஸ் என்று பெயரிடப்பட்டிருந்த ஏறக்குறைய 14 வயது கறுப்பினச் சிறுமியை 80 பவுண்டுக்கு அடிமையாக வாங்கினார். ரசீது இன்றும் இருக்கிறது. எழுபது தீர்மானங்களில் ஒன்றும் அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. ஊரே ஒத்துக்கொண்ட பாவம் ஊரில் எவர் கண்ணுக்கும் பாவமாகத் தெரிவதில்லை.

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டு நகர முடியாது. தென்னிந்தியச் சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ல் உத்தரவிட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்கள் அல்ல. வேதம் அறியாதவர்களும் அல்ல. பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் இன்றும் இருக்கும் மண்ணில், ஆண்டிறுதிச் சோதனையைத் தனி அறையில் கண்ணை மூடிச் செய்தால் மட்டும் போதாது. நம்மால் வலிபட்டவர்களிடம் போய்க் கேட்க வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு இந்த ஆண்டு எப்படிப் போயிற்று, பாகப் பிரிவினைக்குப் பிறகு பேசாத தம்பி மனதில் என்ன இருக்கிறது, அலுவலகத்தில் நம் கீழே வேலை செய்கிறவர் நம்மை எப்படி அறிந்திருக்கிறார். அவர்கள் சொல்லும் பதிலில்தான் ஆண்டின் உண்மையான கணக்கு இருக்கிறது.

நன்றி சொல்ல முடியாத ஆண்டுகளும் வருகின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று குமரிக் கடற்கரையின் கிறிஸ்தவ மீனவ ஊர்கள் கிறிஸ்துமஸ் குடில்களோடு நின்றிருந்தன. வேளாங்கண்ணியில் திருப்பயணிகள் நிறைந்திருந்தார்கள். கடல் ஊருக்குள் வந்தது. ஐந்தே நாளில் ஆண்டின் கடைசி இரவு. பிள்ளையைக் குழியில் வைத்து வந்த தாயிடம் அன்றிரவு ஆசீர்வாதங்களை எண்ணச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? வேதாகமமும் அப்படிச் சொல்லவில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88-ஆம் சங்கீதம் ஓர் ஆறுதலும் இல்லாமல் இருளிலேயே முடிகிறது, அப்படியேதான் அது ஆராதனைப் புத்தகத்தில் இருக்கிறது. சாட்சி சொல்லும் நேரத்தில் வேலை கிடைத்ததும் வீடு கட்டியதும் ஒலிபெருக்கியில் ஏறுகின்றன. கரு கலைந்தவரும், கடையை மூடியவரும், கணவரை இழந்தவரும் பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் எழுந்து நின்று அழுதாலும் அது ஆராதனைதான் என்று சபை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும்.

இருண்ட ஆண்டைத் திரும்பிப் பார்த்தவர்களில் டீட்ரிச் பான்ஹோபரை மறக்க முடியாது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து பத்து ஆண்டு முடியும் தறுவாயில், 1942 கிறிஸ்துமஸ் காலத்தில், அந்த ஜெர்மானியப் போதகர் ஒரு கட்டுரை எழுதி நெருங்கிய சில நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு பிரதி அவருடைய பெற்றோர் வீட்டுக் கூரை உத்தரத்தில் ஒளித்து வைக்கப்பட்டது. நல்லவர்கள் ஏன் தோற்றார்கள், மௌனமாக இருந்து பழகிய தாங்கள் இனி எதற்காவது பயன்படுவோமா என்று தம்மையும் தம் தோழர்களையும் அதில் விசாரித்தார். எதிர்காலத்துக்குத் திட்டமிடுவதே கைகூடாத காலம் அது. அதனால் திட்டமே வேண்டாம் என்று சோர்ந்துபோவதையும், நாளைய கனவில் இன்றைய கடமையிலிருந்து ஒளிந்துகொள்வதையும் அவர் ஏற்கவில்லை. எரேமியா தீர்க்கதரிசியை நினைவுபடுத்தினார். பாபிலோன் படை எருசலேமைச் சூழ்ந்திருக்க, காவல் முற்றத்தில் அடைபட்டிருந்த எரேமியா, ஆனதோத்தில் இருந்த நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கி, பத்திரத்தை மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தினார். எதிரி கையில் போகப்போகும் நிலம் அது. பான்ஹோபரும் தாம் எழுதியபடியே செய்தார். 1943 ஜனவரி 17-ல் மரியா ஃபான் வெடெமையருக்கும் அவருக்கும் திருமணம் பேசி உறுதியானது. ஏப்ரல் 5-ல் கைதானார். 1945 ஏப்ரல் 9-ல் தூக்கிலிடப்பட்டார்.

திட்டமிடுவது விசுவாசக் குறைவு என்று நினைப்பவர்கள் பவுலின் நிருபங்களை இன்னொரு முறை புரட்டிப் பார்க்கலாம். பெந்தெகொஸ்தே வரை எபேசுவில், குளிர்காலம் கொரிந்துவில், பிறகு எருசலேம், அங்கிருந்து ரோம், ரோமிலிருந்து ஸ்பெயின் என்று ஊரும் பருவமும் குறித்துத் திட்டம் போட்டவர் அவர். வழி மாறியபோது கொரிந்தியரிடம் விளக்கம் சொல்லவேண்டியும் வந்தது. எருசலேமில் கைதாகி, செசரியாவில் இரண்டு ஆண்டு சிறையிருந்து, கடைசியில் ரோமுக்கு விலங்கோடு போனார். ஸ்பெயினுக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று வேதாகமம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பயணத்துக்கு ஆதரவு வேண்டி முன்கூட்டியே எழுதிய கடிதம்தான் ரோமர் நிருபம். 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், அந்த நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுத்தான் வெஸ்லியின் வாழ்க்கை திரும்பியது.

நம் கல்யாண அழைப்பிதழ்களில், திட்டம் போட்டுவிட்டு அதைக் கடவுள் கையில் விடும் இந்த மனநிலை அச்சாகவே இருக்கிறது. மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்து, மணி நிமிடம் வரை குறித்த பிறகு, கர்த்தருக்குச் சித்தமானால் என்று ஆரம்பிக்கிறோம். யாக்கோபு நிருபம் வியாபாரிகளுக்குச் சொன்ன புத்தி அதுதான். முன்பணம் கொடுக்காமல் அந்த வரியை மட்டும் அச்சடித்தால் கல்யாணம் நடக்காது. ஜெபத்தில் அதிகம் தரித்திருப்பேன், ஏழைகளுக்கு உதவுவேன் என்று தேதியும் தொகையும் இல்லாமல் எடுக்கும் தீர்மானங்களுக்கும் அதே கதிதான்.

வெஸ்லி தொகை குறித்தவர். ஆக்ஸ்ஃபோர்டு மெதடிஸ்டுகளில் ஒருவர் என்று பெயர் சொல்லாமல் அவர் எழுதிய கணக்கு அவருடையதே என்று கருதப்படுகிறது. வருமானம் 30 பவுண்டு, செலவு 28, மீதி இரண்டைத் தானமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு வருமானம் 60, செலவு அதே 28, தானம் 32. பிறகு 90. பிறகு 120. செலவு மட்டும் 28-ஐத் தாண்டவில்லை. சம்பள உயர்வு வந்த மாதமே புதிய தவணை ஒன்றைத் தொடங்கும் இன்றைய குடும்பத்துக்கு, உயர்வு வருவதற்கு முன்பே அது எங்கே போகும் என்று எழுதி வைப்பதைவிடப் பெரிய ஆன்மிகப் பயிற்சி இருக்க முடியாது.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் அத்திமரம் மூன்று ஆண்டு காய்க்கவில்லை. தோட்டக்காரன் இன்னும் ஓர் ஆண்டு கேட்டான். மரம் காய்க்கும் என்று அவன் வாக்குக் கொடுக்கவில்லை. சுற்றிலும் கொத்திவிடுவதாகவும் எரு போடுவதாகவும் சொன்னான். தன் கையில் இருந்த வேலை அதுதான். கிறிஸ்துமஸ் முடிந்து நள்ளிரவு ஆராதனை வருவதற்குள் ஒரு வாரம் கிடைக்கிறது. தம்பியைத் தொலைபேசியில் கூப்பிட்டு எப்போது வரலாம் என்று கேட்க, வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளத்தை ஜனவரியிலிருந்து எவ்வளவு உயர்த்துவது என்று வீட்டாரோடு பேசி முடிக்க, ஆஸ்பத்திரியில் கிடக்கும் சபை உறுப்பினரைப் பார்க்கப் போகும் கிழமையை நாட்காட்டியில் குறிக்க அந்த ஒரு வாரம் போதும். உடன்படிக்கை ஞாயிறு அன்று எழுந்து நிற்கும்போது தம்பி வீட்டுக்கு ஒருமுறை போய் வந்தாகியிருக்க வேண்டும்.